கண் நன்றாகத் தெரிந்த நாட்கள்

எனக்குக் கண்ணில் எந்தக் குறையும் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழும்பில், காலிக்குப் போகும் வீதியில் எதிரே வரும் பஸ்ஸின் இலக்கத்தை என் மனைவிக்கு முன்னால் நான்தான் வாசிப்பேன். பத்திரிகை படிப்பதற்கு மட்டும் நாற்பத்தைந்து வயதில் ஒரு கண்ணாடி வாங்கினேன். அது எல்லோருக்கும் வருவதுதானே. ஆகவே, கண்ணின் உள்ளே ஏதோ தொடங்கியிருக்கிறது என்று ஒரு டொக்டர் சொன்னபோது, அவர் வேறு யாருடைய படத்தையோ பார்த்துச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

நான் பாடசாலை வான் ஓட்டுகிறேன். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றி, கொட்டாஞ்சேனையிலுள்ள இரண்டு பள்ளிக்கூடங்களில் இறக்குவேன். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசல்களில் விடுவேன். பதினொரு வருடமாக இதுதான் தொழில். என் மனைவி கௌரியும் வானில் வருவாள். சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவதும், வாந்தி எடுத்தால் துடைப்பதும், சண்டையை விலக்குவதும் அவள் பாடு. பிள்ளைகளுக்கு நான் வான் அங்கிள், அவள் வான் அன்டி. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து ஒன்பது வருடம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவேன். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டுப் போனால், பள்ளிக்கூடம் விடுவதற்குள் மருந்தும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் போனேன். மருந்துக் குளிசை தரும் ஜன்னலுக்குப் போவதற்கு முன், ஒரு தாதி மிஸ் என் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்து, கண் படம் எடுத்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். ஒன்பது வருடத்தில் ஒருதரமும் இல்லையா என்று கேட்டார். கண் நன்றாகத் தெரிகிறது என்றேன். அவர் நடைபாதையின் முடிவிலிருந்த அறையைக் காட்டினார். சீனி வருத்தக்காரர் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே படம் எடுக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கடுதாசி எவ்வளவு காலமாக அங்கே இருந்ததோ தெரியாது.

நேரத்தைப் பார்த்தேன். திரும்பிப் போயிருப்பேன். எனக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள் என்பதால் உட்கார்ந்தேன்.

சொட்டு மருந்து போடாமலே படம் எடுக்கும் இயந்திரம் அது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் சின்ன வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மின்னல் அடித்தது. முதலில் வலது கண், பிறகு இடது கண். படம் எடுத்த பெண் திரையைப் பார்த்தார். மறுபடியும் வலது கண்ணை வைக்கச் சொன்னார். பிறகு மூன்றாம் முறையும். ஏன் என்று கேட்டேன். தெளிவாக வரவேண்டும் என்றார். முன்னால் போன நான்கு பேரில் யாருக்கும் மூன்று தரம் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

டொக்டர் இளம் ஆள். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. அவர் கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் மரக்கிளை போலச் சிவப்பு நரம்புகள். அழகாகத்தான் இருந்தது. அவர் பேனை முனையால் சில இடங்களைத் தொட்டுக் காட்டினார். ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள், ஆறோ ஏழோ. வட்டத்தின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி, அரிசிக் குறுநொய் அளவில் ஒரு மஞ்சள் பொட்டு.

அவர் சிங்களத்தில் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதைத் தமிழில் விழித்திரை என்கிறோம். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. பல வருடங்களாக இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் பழுதாகும். சைக்கிள் டியூபில் நைந்துபோன இடத்தில் குமிழ் தள்ளுவது போல, அங்கங்கே சின்னக் குமிழ் தள்ளும். சிவப்புப் புள்ளிகள் அவைதான். சில இடங்களில் இலேசாகக் கசியும். கசிவில் வரும் கொழுப்பு தங்கிவிட்டால் மஞ்சளாகத் தெரியும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எனக்கு எதுவும் தெரியவில்லையே, வலியும் இல்லையே என்று கேட்டேன். தொடக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால்தான் படம் எடுக்கிறோம் என்றார் அவர். மஞ்சள் பொட்டு நடுப்பகுதிக்குக் கிட்ட இருப்பதால், அந்த இடம் வீங்கியிருக்கிறதா என்று கண் கிளினிக்கில் ஸ்கான் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்தார். அது கூடித்தான் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மற்றச் சாரதிமாரோடு நின்று நாளுக்கு மூன்று சீனித் தேத்தண்ணி குடிக்கிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

"பய வென்ன எப்பா, அங்கிள்," என்றார் அந்தப் பிள்ளை. பயப்படாதீர்கள் என்று. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

கண் கிளினிக்கில் கிடைத்த நாள் அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. பன்னிரண்டு நாள். கடிதத்தை வானின் காப்புறுதிப் பத்திரங்களுக்குள் செருகிவிட்டு, பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். தன் தங்கை வீட்டிலிருந்து நேரே அங்கே வந்து நின்ற கௌரி, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சீனி கொஞ்சம் கூட என்று மட்டும் சொன்னேன்.

ஏன் மறைத்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கௌரியின் தாயாருக்குச் சீனியால் கண் போனது. கடைசி நான்கு வருடமும் அவருக்குச் சோறு குழைத்துக் கையில் கொடுத்தவள் கௌரிதான். 'கண்' என்ற சொல்லை அவளிடம் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. சாரதிக்குக் கண்ணில் வருத்தம் என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால், பின்னேரத்துக்குள் பதின்மூன்று தாய்மாருக்கும் தெரிந்துவிடும். யார் பிள்ளையை ஏற்றி அனுப்புவார்கள்? நானே அனுப்புவேனா?

அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. மரைன் டிரைவில் போகும்போதெல்லாம் என் கண்ணை நானே சோதித்தேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகையை வாசிப்பேன். பிறகு மற்றக் கண்ணைப் பொத்துவேன். எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் நேற்றையைவிட ஒரு துளி மங்கலோ என்று தோன்றும். மேகம் மூடினால், கண்தான் மங்குகிறதோ என்று வானத்தைப் பார்ப்பேன். காலி முகத்திடலில் கடல் வெயிலுக்கு மின்னும்போது கண் கூசினால், இது முன்பும் கூசியதா என்று யோசிப்பேன். முன்னால் போகும் வாகனத்துக்கும் எனக்கும் இடையில் மூன்று வாகன இடைவெளி விட்டேன். பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள். பெரிய பிள்ளைகள், அங்கிள் இன்றைக்கு ஊர்வலம் போகிறார் என்று சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, கௌரி கண்டுவிட்டாள்.

"ஏனப்பா ஒரு கண்ணைப் பொத்துறீங்கள்?"

தூசி விழுந்துவிட்டது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் இருந்ததால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கண் கழுவச் சுடுதண்ணீர் ஆற்றி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதில் கண்ணைக் கழுவினேன், பொய்யை நிலைநிறுத்துவதற்காக.

அதோடு இன்னொரு மடத்தனமும் செய்தேன். சீனியால்தானே இந்தப் புள்ளிகள் வந்தன, சீனியை இறக்கிவிட்டால் ஸ்கான் எடுக்கும் நாளுக்குள் அவை போய்விடும் என்று நானாகவே கணக்குப் போட்டேன். சோற்றை விட்டேன். காலை இடியப்பத்தை விட்டேன். இரண்டு கிறீம் கிராக்கர் பிஸ்கட்டும் வெறும் தேத்தண்ணியும்தான். வயிற்றில் புண் போல இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். ஆனால் குளிசைகளை மட்டும் ஒன்றுவிடாமல் போட்டேன். அவற்றில் ஒன்று உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும் குளிசை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கும் என்று ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டிருக்கவில்லை.

எட்டாம் நாள், வியாழக்கிழமை, கொட்டாஞ்சேனையில் இரண்டாவது பள்ளிக்கூட வாசலில் நின்றோம். கடைசிப் பிள்ளையும் ஏறிவிட்டது. கௌரி கதவை இழுத்து மூடினாள். நான் இயந்திரத்தை இயக்கினேன். முன்னால் நின்ற வானின் பின்கண்ணாடியில் ஏதோ எழுதியிருந்தது. அந்த எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணை மூடித் திறந்தேன். இன்னும் மங்கியது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண் இமையில் நின்றது. கை ஸ்டியரிங்கில் நடுங்கியது. இதுதான் அது என்று நினைத்தேன். கண் போகிறது. பதின்மூன்று பிள்ளைகள் பின்னால் இருக்க, பட்டப்பகலில், என் கண் போகிறது.

கௌரி பின்னால் இருந்து, எல்லோரும் ஏறிவிட்டார்கள், எடுங்கள் என்றது கேட்டது. பதில் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அவள் இறங்கி முன்கதவைத் திறந்தாள். நனைந்துபோன என் சட்டையைப் பார்த்தாள். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினாள். சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகுதான் என்னைத் தொட்டாள்.

"கௌரி, என்ட கண் போகுது," என்றேன்.

"கண் இல்லையப்பா. சீனி இறங்கீட்டுது. வாயைத் திறவுங்கோ."

முன் ஆசனத்தில் ஆதிரா என்ற ஏழு வயதுப் பிள்ளை ஒரு மாம்பழ ஜூஸ் பக்கற்றை வைத்துக்கொண்டிருந்தது. கௌரி அதை வாங்கி, குழலை என் வாயில் வைத்தாள். தாயாரோடு நான்கு வருடம் பழகிய கை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு தன் பையிலிருந்த டொபிகள் இரண்டையும் தந்தாள். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. பதினைந்து நிமிடத்தில் முன்னால் நின்ற வானின் எழுத்துகள் ஒற்றை எழுத்துகளாகின. டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியின் விளம்பரம் அது.

எனக்குச் சுகமாகிவிட்டது, ஓட்டுகிறேன் என்றேன். கௌரி சாவியைத் தரவில்லை. மாளிகாவத்தையிலிருந்து வான் ஓட்டும் நசீர் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில்தான் நிற்பார். தன் வானை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் போய், பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கு நடுவில் இருந்தேன். அன்று எல்லாப் பிள்ளைகளும் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வீடு போனார்கள். ஆதிராவை இறக்கும்போது வேறு ஜூஸ் வாங்கித் தருவதாகச் சொன்னேன். பரவாயில்லை அங்கிள் என்றது.

வீட்டுக்கு வந்ததும் காப்புறுதிப் பத்திரங்களுக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் கௌரியிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் அவள் மெதுவாக வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"எட்டு நாளா என்னைப் பின்னால வச்சுக்கொண்டு வான் ஓடியிருக்கிறீங்கள்," என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அளவான சோறு, கத்தரிக்காய்க் கறி, கீரை, ஒரு துண்டு மீன். நான் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்தாள்.

கை கழுவ முதலே தொலைபேசி அடித்தது. ஆதிராவின் தகப்பன் ரமணன். கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை, மரைன் டிரைவ் பக்கம் மாடி பிளட் ஒன்றில் குடியிருக்கிறார். நாற்பது வயதிருக்கும். நறுக்கென்று பேசும் ஆள். வான் அங்கிள் தன் ஜூஸைக் குடித்துவிட்டார், அங்கிளுக்குக் கை நடுங்கியது, வேறு அங்கிள்தான் ஓட்டினார் என்று பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டார்.

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. கௌரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகள், கடிதம், சாப்பிடாமல் இருந்தது, எல்லாம்.

நான் சொல்லி முடித்த பிறகு அவர் சொன்னார்: "அண்ணை, வருத்தம் ஆருக்கும் வரும். அதுக்கு நான் குறை சொல்லேல்ல. ஆனா எங்களுக்குச் சொல்லாமல் பிள்ளையளை ஏத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறீங்கள்."

ஆதிராவை இனி அனுப்பப் போவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவே மற்றப் பெற்றோருக்கும் எழுதினேன். வட்ஸ்அப் குழுவில் நான் இதுவரை போட்டதெல்லாம் 'ஐந்து நிமிடம் பிந்தும்', 'நாளை வான் இல்லை' என்பவைதான். இதை எழுத ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கண் டொக்டர் எழுத்தில் தரும்வரை நான் ஓட்டமாட்டேன், நசீர் நானா ஓட்டுவார், கௌரி வழமைபோல வருவாள் என்று எழுதினேன். கடைசியில், உங்களில் யாருக்காவது சீனி இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள் என்றும் சேர்த்தேன். சிலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். இரண்டு பேர் கோவமாக எழுதினார்கள். சிலர் ஒன்றுமே எழுதவில்லை. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்ததுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நசீர் நானா என் வானை எடுத்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தேன். பதினொரு வருடத்தில் அந்த வான் நான் இல்லாமல் போன முதல் காலை அது. கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அதே இளம் டொக்டர்தான். அவர் கோபிக்கவில்லை, ஆனால் முகம் மாறியது. சீனியை ஒரே வாரத்தில் இடித்து இறக்கக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், சட்டென்று இறக்கினால் கண்ணுக்கும் நல்லதில்லை என்றார். அந்தக் குளிசையை நிறுத்தி வேறொன்று எழுதினார்.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு கண் கிளினிக் வரிசையில் நின்றோம். கௌரி தன் தங்கையை வானில் அனுப்பிவிட்டு என்னோடு வந்தாள். எனக்கு நாற்பத்தோராம் நம்பர். முதலில் எழுத்துப் பலகை. கடைசி வரிசை வரை வாசித்தேன். முடிவைக் குறித்துக்கொண்ட மிஸ் இரண்டு கண்ணும் நல்லது என்றார். அந்த வார்த்தையை நம்பலாமா என்று தெரியவில்லை.

பிறகு சொட்டு மருந்து. கண்மணியை விரிய வைக்கும் மருந்து அது. அப்போதுதான் டொக்டரால் உள்ளே முழுவதையும் பார்க்க முடியும். எரிந்தது, ஆனால் வெங்காயம் வெட்டும்போது எரிவதைவிடக் கூட இல்லை. தமிழ் மிஸ் ஒருவர், "கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ அண்ணா, இருபது நிமிசத்தில திரும்பவும் போடுவன்," என்றார். மூன்று தரம் போட்டார்கள். மூடிய கண்ணோடு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நம்பர் கூப்பிடும் சத்தம், செருப்புகள் இழுபடும் சத்தம், யாரோ ஒரு குழந்தை அழும் சத்தம். கண்ணைத் திறந்தால் என் கையின் ரேகைகள்கூடத் தெரியவில்லை. மருந்தால்தான் என்று தெரியும். தெரிந்தும் கௌரியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

மற்றப் பக்கத்தில் வத்தளையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். மீன் மொத்த வியாபாரம் என்றார். எனக்கு என்னவென்று கேட்டார். புள்ளி என்றேன்.

"எனக்கும் ஆறு வருசத்துக்கு முதல் புள்ளிதான் சொன்னவை," என்றார். "நல்லாத் தெரிஞ்சுது. பிறகு நான் வரேல்ல."

இப்போது அவருடைய வலது கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல்கள் மிதக்கின்றனவாம். உள்ளே புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து இரத்தம் கசிகிறது, லேசர் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கௌரி என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

உள்ளே, டொக்டர் அம்மா ஒருவர் ஒரு வில்லையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கூர்மையான வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார். மேலே, கீழே, இடம், வலம் என்று பார்க்கச் சொன்னார். அந்த அம்மா பேசாமல் இருந்த ஒவ்வொரு விநாடியையும் நான் எனக்கு எதிராகவே எண்ணினேன். பிறகு ஸ்கான். அதில் வலியும் இல்லை, மின்னலும் இல்லை. பச்சை நிறச் சிலுவை ஒன்றைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தால் போதும். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல, அடுக்கடுக்காகப் படம் வருகிறது. கௌரிக்கு அதைக் காட்டினார்கள். எனக்கு ஒரே புகைதான்.

"மெத பலன்ன," என்று டொக்டர் நடுப்பகுதியைப் பார்க்கச் சொன்னார். கௌரி பார்த்துச் சொன்னாள்: "நடுவில ஒரு பள்ளம் மாதிரி இருக்குதப்பா." பள்ளம் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். நல்ல கண்ணில் அந்த இடத்தில் பள்ளம் இருக்கத்தான் வேண்டும், வீங்கினால்தான் பள்ளம் மூடும் என்று விளக்கினார். என்னுடையது வீங்கவில்லை.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இது தொடக்க நிலை. இப்போது லேசரோ ஊசியோ தேவையில்லை. சீனியையும், பிரஷரையும், கொலஸ்ட்ரோலையும் ஒழுங்காக வைத்திருந்தால் இது இப்படியே நிற்கலாம், சில புள்ளிகள் மறையவும் கூடும். கூடவும் கூடும். கூடினாலும் எனக்குத் தெரியாது. ஆகவே ஆறு மாதத்தில், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், வர வேண்டும்.

வான் ஓட்டலாமா என்று கேட்டேன். பதின்மூன்று பிள்ளைகள் என்றும் சொன்னேன். இன்றைக்கு ஓட்டக் கூடாது, மருந்தின் வேகம் போன பிறகு இந்தப் பார்வையோடு தாராளமாக ஓட்டலாம் என்றார். கௌரி வியாழக்கிழமைக் கதையைச் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணால் உங்களுக்கு ஆபத்து வரவில்லை, பயத்தால் வந்திருக்கிறது என்றார். பிறகு கடிதத்தை எழுதித் தந்தார்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. கௌரி தன் கறுப்புக் கண்ணாடியை எனக்குப் போட்டுவிட்டாள். பெண்கள் போடும் கண்ணாடி, ஓரத்தில் பூ. ஓட்டோவில் வீடு வரும்வரை அதோடுதான் வந்தேன்.

கடிதத்தைக் குழுவில் போட்டேன். புதன்கிழமை முதல் மறுபடியும் ஓட்டினேன். பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஆதிராவின் இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் இருக்கவில்லை, நானும் இருக்கச் சொல்லவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சந்தியில் சிவப்பு விளக்கு விழும்போது கை தானாகக் கண்ணுக்குப் போகப் பார்க்கும். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். காலையில் குரக்கன் புட்டு, பத்தரைக்கு ஒரு பழம், தேத்தண்ணியில் சீனி இல்லை. பின்னேரம் கௌரியோடு கடற்கரைப் பக்கம் தெஹிவளை வரை நடக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை காலை ரமணன் கூப்பிட்டார். பள்ளிக்கூடக் கதை என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணை, அந்தச் சொட்டு மருந்து போட்டா எவ்வளவு நேரம் வாகனம் ஓடேலாது?"

அவருக்கும் சீனியாம். ஆறு வருடமாம். கண்ணில் படம் எடுத்ததில்லை. அண்மையில் இடது கண்ணில் எழுத்து கொஞ்சம் நெளிவது போல இருந்ததால், கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். என் செய்தி மனதில் கிடந்திருக்கிறது. தனியார் இடம் ஒன்றில் அன்றைக்கே நேரம் எடுத்திருந்தார். கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும், மனைவிக்குச் சொல்லவில்லை என்றார்.

வானில் போனேன். அவர் உள்ளே இருந்த இரண்டு மணித்தியாலமும் வெளியே இருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்து, எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறினார். வெள்ளவத்தைக்குத் திரும்பி அவருடைய பிளட்டுக்குக் கீழே நிறுத்திய பிறகு, மடித்த கடுதாசியை என்னிடம் நீட்டினார். சொட்டு மருந்தால் அவருக்கு எழுத்து தெரியவில்லை. நான் என் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டு, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னேன். வலது கண்ணில் தொடக்க நிலை. இடது கண்ணில் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது. அடுத்த வாரம் கண்ணில் ஊசி போட வேண்டும். நேரத்தோடு தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அவர் கடுதாசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மனிசிக்கு இப்ப சொல்ல வேண்டாம் அண்ணை. முதல் ஊசி முடியட்டும்."

நான் சொல்லமாட்டேன் என்றேன். இயந்திரத்தை நிறுத்தினேன். கொட்டாஞ்சேனை வாசலில் நான் அந்த இரண்டிரண்டு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தேன் என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் தன் மகளிடமிருந்து ஜூஸ் கதையை மட்டும்தான் கேட்டிருந்தார். எட்டு நாளும் தனியாக இருந்து பயந்ததைச் சொன்னேன். கௌரி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்ததைச் சொன்னேன்.

கடல் காற்று வானுக்குள் அடித்தது. ஒரு ரயில் தெஹிவளைப் பக்கம் போய் மறைந்தது. ரமணன் தொலைபேசியை எடுத்தார். திரை தெரியாததால் என்னிடமே தந்து, மனைவியின் பெயரை அழுத்தச் சொன்னார்.

"இஞ்சரும், ஒருக்காக் கீழ வாரும்," என்றார். "ஒண்டும் இல்லை. வாருமன்."

ஆதிராவின் தாய் ஈரக் கையோடு படியிறங்கி வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு புருஷன் என் வானுக்குள் இருப்பதைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றுவிட்டார். நான் இறங்கி, அந்தத் தாய் புருஷனுக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு என் பக்கக் கதவைத் திறந்து விட்டு, வீதியைக் கடந்து கடற்பக்கம் போய் நின்றேன்.